ஓரக்குறிப்புகளில் ஓடும் கதை: ஒரு மாய விலங்குக் கையேட்டை முன்வைத்து

2001 மார்ச்சில் பிரிட்டனில் ஒரு மெல்லிய புத்தகம் இரண்டு விலையோடு வெளிவந்தது. ஒன்று 2.50 பவுண்டு. இன்னொன்று 14 சிக்கிள் 3 நட். பின்னது ஹாரி பாட்டர் நாவல்களில் மந்திரவாதிகள் புழங்கும் காசு. புத்தகத்தின் பெயர் ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் அண்ட் வேர் டு ஃபைண்ட் தெம்’. அட்டையில் ஆசிரியர் என்று போட்டிருந்தது நியூட் ஸ்கமாண்டர். எழுதியவர் ஜே. கே. ரௌலிங்.

இந்தப் பெயர் 1997இல் வந்த முதல் நாவலிலேயே உண்டு. ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் முதலாண்டு மாணவர்கள் வாங்கவேண்டிய பாடநூல் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்து அந்த வரி நிஜப் புத்தகமாகிக் கடைக்கு வந்தது. வந்த பணம் காமிக் ரிலீஃப் என்ற அறக்கட்டளைக்குப் போனது.

நூறு பக்கம்கூடத் தேறாத புத்தகம் இது. கதாநாயகன் கிடையாது, சம்பவத் தொடர் கிடையாது. அக்ரோமேன்டுலா என்ற பேசும் ராட்சதச் சிலந்தியில் தொடங்கி யெட்டியில் முடிகிற எழுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள், ஆங்கில அகரவரிசையில். பார்வைக்கு அகராதி மாதிரி. ஆனாலும் படித்து முடிக்கும்போது ஒரு கதை படித்த நிறைவு இருக்கிறது. எது அதைத் தருகிறது? இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வசதியும் தானாக அமைந்திருக்கிறது: 2017இல் இதே புத்தகம் திருத்தப்பட்டு மறுபடி வந்தபோது சில கூறுகளை எடுத்துவிட்டு வேறு சிலவற்றைச் சேர்த்தார்கள். எது எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது எடுத்த பிறகுதான் தெரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தின் உயிர் விலங்குகளில் இல்லை. எது எந்த வகை என்று தீர்ப்பெழுதும் அதிகாரக் குரலுக்கும், அந்தத் தீர்ப்பை ஓரத்தில் அடித்துத் திருத்தும் பிள்ளைகளுக்கும் நடக்கிற தகராறில் இருக்கிறது.

பாடநூல் வேஷம்

வேஷம் கச்சிதம். ஆசிரியர் குறிப்பு ஒரு பழைய அரசு அதிகாரியின் பணிப்பதிவேடு போலவே இருக்கிறது. ஸ்கமாண்டர் பிறந்தது 1897. அம்மா, பாதி கழுகும் பாதி குதிரையுமான ஹிப்போகிரிஃப்களை அலங்காரத்துக்கு வளர்த்தவர். பள்ளி முடிந்ததும் மந்திர அமைச்சகத்தில் வேலை. முதல் இரண்டு வருடம் வீட்டு எல்ஃப்கள் என்ற குட்டி வேலைக்காரர்களை இடம் மாற்றும் அலுவலகத்தில் சலித்துப்போய்க் கழிகிறது. பிறகு விலங்குப் பிரிவு. 1918இல் ஒரு பதிப்பாளர் இந்தப் புத்தகத்தை எழுதச் சொல்கிறார். 1927இல் முதல் பதிப்பு. நம் கையில் இருப்பது ஐம்பத்திரண்டாம் பதிப்பு. இப்போது ஓய்வுபெற்று டோர்செட்டில் மனைவியோடும், பூனை போன்ற மூன்று நீசல்களோடும் இருக்கிறார்.

முன்னுரை எழுதியிருப்பவர் தலைமையாசிரியர் டம்பிள்டோர். காமிக் ரிலீஃப் 1985 முதல் திரட்டிய தொகையைச் சொல்லி, அதையே கேலியன், சிக்கிள், நட் கணக்கிலும் மாற்றிப்போடுகிறார். நிஜமான ஒரு நன்கொடைக் கணக்கு கற்பனைக் காசில் பெயர்ந்து நிற்கிறது. அப்புறம் மந்திரம் தெரியாத வாசகர்களுக்கு ஓர் உறுதிமொழி: இந்த விலங்குகளெல்லாம் கற்பனை, உங்களை ஒன்றும் செய்யாது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற ‘யாவும் கற்பனை’ என்ற வாசகம்தான். ஆனால் இங்கே அதைச் சொல்பவர் கற்பனைப் பாத்திரம்; சொல்வது அவருடைய உலகத்தில் பொய். உண்மையைச் சொல்லும் ஒரே வாக்கியம் பொய்யாக மாறிவிடுகிறது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே அந்த முன்னுரையைப் பலமுறை படிக்கலாம்.

விலங்குநூல் மரபு மேற்கில் பழையது. ரோமானிய அறிஞர் பிளினியின் இயற்கை வரலாறு 37 நூல்கள் கொண்டது. கிரேக்க மொழியில் எழுந்த ‘ஃபிசியோலோகஸ்’, அதன் வழியில் இடைக்கால மடங்களில் படத்தோடு எழுதப்பட்ட விலங்குச் சுவடிகள், 1551இல் வெளிவரத் தொடங்கிய கான்ராட் கெஸ்னரின் பெருந்தொகுப்பு, 1957இல் அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸ் மார்கரீட்டா கெரேரோவுடன் சேர்ந்து வெளியிட்ட கற்பனை உயிரிகளின் கையேடு என்று வரிசை நீளும். இடைக்காலச் சுவடிகளில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சமயப் பொருள் உண்டு. பெலிகன் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் கொடுக்கும், அது கிறிஸ்துவின் தியாகம். ஃபீனிக்ஸ் சாம்பலிலிருந்து எழும், அது உயிர்த்தெழுதல். ரௌலிங் செய்த முதல் காரியம் அந்தச் சமயப் பொருளை எடுத்துவிட்டு அதே இடத்தில் அமைச்சகத்தின் ஆபத்துத் தரத்தை வைத்தது. ஐந்து எக்ஸ் என்றால் ஆளைக் கொல்லும், பழக்க முடியாது. ஒரே ஒரு எக்ஸ் என்றால் சலிப்பூட்டுவது. ஃபீனிக்ஸுக்கு நான்கு எக்ஸ். மூர்க்கமானது என்பதால் அல்ல, அதைப் பழக்கியவர்கள் மிகக் குறைவு என்பதால். ஆயிரம் வருடம் இறையியல் சுமந்த பறவை கடைசியில் ஒரு படிவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

குரல்

ஸ்கமாண்டரின் நடை அடக்கமானது, வறண்டது. நகைச்சுவை செய்கிறோம் என்ற பாவனையே அதில் கிடையாது. ஐந்து கண்டங்களில் விலங்குகளின் வளைகளுக்கும் கூடுகளுக்கும் போய்வந்ததைச் சொல்லும்போது, சில சமயம் அவற்றைத் தன் பயணக் கெட்டிலால் அடித்து விரட்டியதையும் அதே தொனியில் சேர்த்துவிடுகிறார்.

ஆகரி என்ற பறவையின் பதிவு இந்த நடைக்கு நல்ல சான்று. இதன் அழுகுரல் சாவின் அறிகுறி என்று மந்திரவாதிகள் நம்பிவந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில், மழை வரும்போதுதான் அது கூவுகிறது. மூடநம்பிக்கை ஒன்று கலைந்தது, அத்தோடு விஷயம் முடிந்தது. ஆனால் அடிக்குறிப்பில் யூரிக் என்ற ஒரு கிறுக்கர் வருகிறார். ஐம்பது ஆகரிகளை வைத்திருந்த அறையில் தூங்குகிறார். மழைக்காலத்தில் எல்லாம் சேர்ந்து கூவ, தான் செத்து ஆவியாகிவிட்டோம் என்று நம்பிச் சுவரை ஊடுருவி நடக்கப் பார்க்கிறார். மண்டையில் அடிபட்டுப் பத்து நாள் அவதி. மேலே அறிவியல், கீழே அடிக்குறிப்பில் கூத்து. புத்தகம் முழுக்க இந்தப் பாகப்பிரிவினை நடக்கிறது. 1932இல் இல்ஃப்ராகோம் கடற்கரையில் கூட்டத்துக்கு நடுவே டிராகன் ஒன்று பாய்ந்ததும் அப்படித்தான். அங்கே விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மந்திரவாதிக் குடும்பம் எல்லோருடைய நினைவையும் அழித்துவிட்டது என்று மேலே கண்ணியமாக வரும். கீழே, நினைவு அழியாமல் தப்பிய ஒருவன் மதுக்கடை மதுக்கடையாகப் போய், பெரிய பறக்கும் பல்லி ஒன்று தன் காற்றுமெத்தையைக் கிழித்ததைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

குரல் மாறும் இடங்களும் உண்டு. பிரதர் பெனடிக்ட் என்ற துறவியின் நாட்குறிப்பைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டோடு அப்படியே கொடுத்திருக்கிறார். மூலிகைத் தோட்டத்தில் துளசிச் செடியை விலக்கினால் கீரி மாதிரி ஏதோ ஒன்று. பாய்ந்து அவரைத் தள்ளி, மொட்டை என்று திட்டி, மூக்கைக் கடித்துவைக்கிறது. டர்னிப் மது குடித்தாயா என்று மடத்தில் கேட்கிறார்கள். மூக்கு வீங்கியதால் அன்று மாலைப் பிரார்த்தனைக்குப் போகாமல் விடுப்பு. இதே உத்தி லெத்திஃபோல்ட் பதிவில் திகிலுக்குப் போகிறது. கறுப்புப் போர்வை போலத் தரையில் ஊர்ந்துவந்து தூங்குபவர்களை மூச்சடைத்துத் தின்னும் உயிரி, தடயமே விடாது. அதிலிருந்து பிழைத்த ஒருவர் 1782இல் எழுதிய சாட்சியத்தை ஸ்கமாண்டர் நீளமாகத் தருகிறார். தடயம் விடாத ஒன்றால் எத்தனை பேர் செத்தார்கள் என்று எப்படிக் கணக்கெடுப்பது என்ற கேள்வி அதோடு வருகிறது. என் கணக்கில் புத்தகத்தின் ஒரே உண்மையான பேய்க்கதை இது. அதிகாரியின் நிதானமான நடையில் இருப்பதால்தான் பயம் கூடுகிறது.

நம் உலகின் புதிர்களை எடுத்து உள்ளே செருகுவது இன்னோர் உத்தி. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பது உலகின் மிகப் பெரிய கெல்பி, அதாவது உருமாறும் நீர்ப்பிசாசு. ஆராய்ச்சியாளர்கள் வந்தால் நீர்நாயாக மாறிக்கொள்ளும். வயல்களில் தோன்றும் வட்டங்கள் முழுநிலவில் மூன்காஃப் என்ற பிராணி ஆடிய நடனத்தின் தடம். இவை வேடிக்கைதான், எளிதாகவும் வந்துவிடுபவை. டோடோ பறவை மட்டும் வேறு ரகம். மொரீஷியஸில் பதினேழாம் நூற்றாண்டில் மனிதர்களால் அழிந்துபோன அந்தப் பறவை, இந்தப் புத்தகத்தில் டிரிகால் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. நினைத்த இடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றக்கூடியது. நாம் அதை அழித்துவிட்டதாக நினைப்பதை மந்திரவாதிகள் திருத்தவில்லை. கண்மூடித்தனமாகக் கொல்வதன் விளைவு நமக்கு உறைக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம். நிஜமாகவே நடந்த ஓர் அழிவைக் கேலி செய்யாமல், அதன் குற்ற உணர்வையும் கலைக்காமல், பறவையை மட்டும் காப்பாற்றிவிடுகிறார்.

யார் விலங்கு?

புத்தகத்தின் கனமான பகுதி, விலங்குப் பட்டியலுக்கு முன்னால் வரும் சில பக்க அறிமுகவுரை. விலங்கு என்றால் என்ன என்ற கேள்வியை ஸ்கமாண்டர் அங்கே எடுக்கிறார். நம் இலக்கணப் பழக்கத்தில் சொன்னால், எது உயர்திணை, எது அஃறிணை என்ற தீர்ப்பு.

பதினான்காம் நூற்றாண்டில் பர்டாக் மல்டூன் என்ற மந்திரவாதிகள் அவைத்தலைவர் ஓர் ஆணை போடுகிறார்: இரண்டு காலில் நடப்பதெல்லாம் உயர்திணை, மற்றதெல்லாம் விலங்கு. எல்லா உயர்திணையையும் மாநாட்டுக்கு அழைக்கிறார். காப்ளின்கள் என்ற குள்ள இனத்தார் கண்ணில் பட்ட இரண்டுகால் ஜீவன்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பறவைகள் கூச்சல் போடுகின்றன, டிரோல்கள் என்ற மந்தபுத்தி ராட்சதர்கள் தடியால் மண்டபத்தை உடைக்கிறார்கள், சூனியக்கிழவிகள் தின்பதற்குப் பிள்ளைகளைத் தேடி அலைகிறார்கள். தலைவர் பேச எழுந்து, சாணத்தில் வழுக்கி விழுந்து, திட்டிக்கொண்டே ஓடிப்போகிறார். அடுத்து வந்த எல்ஃப்ரிடா கிளாக் அளவுகோலை மாற்றுகிறார்: மனிதர் மொழி பேசுபவர்கள் உயர்திணை. இப்போது டிரோல்களுக்கு நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்து மறுபடி கூட்டிவருகிறார்கள் காப்ளின்கள். மண்டபம் மறுபடி உடைகிறது. நீருக்கு மேலே தங்கள் மொழியைத் தவிர வேறு பேச முடியாத நீர்மக்கள் விடுபட்டுப்போகிறார்கள். அதைக் கண்டித்து, பாதி மனிதரும் பாதி குதிரையுமான சென்டார்கள் வரமறுக்கிறார்கள். 1811இல்தான் க்ரோகன் ஸ்டம்ப் என்ற அமைச்சர் நிலைக்கும் ஒரு வரையறையைக் கண்டுபிடிக்கிறார்: சமூகத்தின் சட்டங்களைப் புரிந்துகொள்ளவும், அவற்றை உருவாக்கும் பொறுப்பில் பங்கெடுக்கவும் போதிய அறிவுள்ளது எதுவோ அது உயர்திணை.

சரி, நியாயமான வரையறை. ஆனால் சென்டார்கள் அந்தப் பட்டத்தையே வேண்டாம் என்கிறார்கள். சூனியக்கிழவிகளும் ரத்தக்காட்டேரிகளும் இருக்கிற பட்டியலில் எங்களைச் சேர்க்காதே, எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று விலங்கு வகைக்கே திரும்பிவிடுகிறார்கள். அடுத்த வருடம் நீர்மக்களும் அதையே செய்கிறார்கள். விலங்குப் பிரிவில் சென்டார்களுக்காக ஓர் அலுவலகம் இருக்கிறது. இதுவரை ஒரு சென்டாரும் அங்கே போனதில்லை. யாரையாவது வேலையிலிருந்து தூக்கப்போகிறார்கள் என்றால் அவரைச் சென்டார் அலுவலகத்துக்கு மாற்றுகிறார்கள் என்று அமைச்சகத்தில் பேசிக்கொள்வார்களாம். ஓநாய்மனிதர்களின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு உதவும் அலுவலகம் உயர்திணைப் பிரிவில், பதிவு செய்து பிடிக்கும் அலுவலகம் விலங்குப் பிரிவில். போகிறபோக்கில், மந்திரம் தெரியாத நம்மைப் போன்றவர்களை விலங்கு என்று வகைப்படுத்தக் கோரும் தீவிரவாதிகளும் இருப்பதாக ஒரு வரி. நாவல்களின் அரசியல் மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

எல்லா அளவுகோலையும் போடுவது ஆட்சியில் இருக்கும் கூட்டம்தான் என்று புத்தகம் எங்கும் சொல்வதில்லை. மூன்று வரையறைகளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பட்டியலுக்குள் இருக்கும் குவின்டபெட் என்ற ஐந்துகால் மிருகத்தின் கதை இதே கேள்வியை வேறு பக்கமிருந்து தொடுகிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு தீவில் இரண்டு மந்திரவாதிக் குடும்பங்கள். பகையில் ஒரு குடும்பம் மற்றதை மிருகமாக்கிவிடுகிறது. மிருகங்கள் எதிர்க்குடும்பத்தில் ஒருவர்விடாமல் கொன்றுபோடுகின்றன. மறுபடி மனிதராக்க இப்போது ஆளில்லை. அமைச்சகம் பிடிக்கப் பார்த்தாலும் சிக்குவதில்லை. அப்படியானால் மிருகமாக இருப்பதிலேயே அவற்றுக்குச் சந்தோஷம் போலும் என்று ஸ்கமாண்டர் முடிக்கிறார். அவர் கைவிரிக்கும் இடத்தில் ஓர் எழுத்தாளர் தெரிகிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதே பெயரில் 2016இல் வந்த படத்தில் எடி ரெட்மெய்ன் நடித்த ஸ்கமாண்டர் கூச்ச சுபாவமுள்ள, எல்லா உயிரையும் நேசிக்கிற மனிதர். புத்தகத்து ஸ்கமாண்டரின் சாதனைப் பட்டியலிலோ 1947இல் உருவான ஓநாய்மனிதர் பதிவேடு இருக்கிறது. மனிதர்களை வகைப்படுத்திப் பட்டியல் போட்ட பதிவேடு அது. ரௌலிங் அதைக் கண்டனமில்லாமல், பதவி உயர்வு மாதிரி, ஆசிரியர் குறிப்பில் வைத்துவிட்டுப் போகிறார். படத்தைவிடப் புத்தகத்து மனிதர் எனக்குச் சுவாரசியமானவர்.

ஓரம்

இனிதான் முக்கியமான கூறு. டம்பிள்டோரின் முன்னுரைப்படி, நம் கையில் இருப்பது ஹாரி பாட்டரின் சொந்தப் பிரதியின் நகல். ஹாரி, அவன் நண்பர்கள் ரான், ஹெர்மயனி மூவரின் கையெழுத்தும் பக்க ஓரங்களில் இருக்கிறது. ரானின் புத்தகம் கிழிந்துபோனதால் ஹாரியுடையதைப் பங்குபோட்டுக்கொள்கிறான். புதிதாக வாங்கவேண்டியதுதானே என்று ஹெர்மயனி எழுத, உன் புத்தகத்தில் போய் எழுது என்று அவன் பதில் எழுதுகிறான். இந்தச் சண்டை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். அடுத்து ஓரம் வேறு வேலைக்கு இறங்குகிறது.

ஐந்து எக்ஸுக்கான விளக்கத்தின் பக்கத்தில், ஹேக்ரிடுக்குப் பிடித்த எதுவும் என்று ஒரு கிறுக்கல். ஹேக்ரிட், ஆபத்தான விலங்குகள்மேல் ஆசை கொண்ட பள்ளிக் காவலர். அக்ரோமேன்டுலாவின் ஐந்து எக்ஸ் போதாது என்று மேலும் எக்ஸ் சேர்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இந்தச் சிலந்திகள் இருப்பதாக வரும் வதந்தி உறுதியாகவில்லை என்கிறார் ஸ்கமாண்டர். ஹாரியும் ரானும் உறுதி செய்துவிட்டதாக ஓரம் சொல்கிறது. பேசிலிஸ்க் என்ற ராட்சதப் பாம்பு பிரிட்டனில் நானூறு வருடமாகத் தென்படவில்லை என்கிறது பாடநூல்; நீங்கள் அப்படி நினைக்கிறீர்கள் என்கிறது ஓரம். நார்வே டிராகனின் பக்கத்தில் நோர்பர்ட் என்ற குட்டியின் பெயர். ஓநாய்மனிதர் பதிவில், எல்லோரும் கெட்டவர்கள் இல்லை என்று ஒரு வரி.

இவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். நோர்பர்ட் முதல் நாவல். சிலந்தியும் பேசிலிஸ்கும் இரண்டாவது. ஓநாய்மனிதரான ஆசிரியர் லூப்பின் மூன்றாவது. ஹங்கேரிய ஹார்ன்டெயில் டிராகனின் பக்கத்தில் உள்ள குறிப்பு நான்காவது. 2000 வரை வெளிவந்திருந்த நான்கு நாவல்களும், ஆங்கில அகரவரிசையில் கலைத்துப்போட்டபடி, இந்த ஓரங்களில் இருக்கின்றன. கதை தெரிந்த வாசகர் ஒவ்வொரு கிறுக்கலிலும் முழு அத்தியாயத்தை நினைவுகூர்வார். தெரியாதவருக்கு யாரோ மூன்று பிள்ளைகளின் சேட்டை.

அதைவிட முக்கியம், உண்மை யார் பக்கம் என்பது. ஐம்பத்திரண்டு பதிப்பு கண்ட அறிஞரும் அமைச்சகமும் ஒரு பக்கம். பதினைந்து வயதையொட்டிய மாணவர்கள் மறுபக்கம். வாசகருக்குத் தெரியும், பல இடத்தில் மாணவர்கள் சொல்வதே சரி. அவர்கள் போய்ப் பார்த்தவர்கள், கடிபட்டவர்கள். ஓநாய்மனிதர் பதிவேட்டைக் கொண்டுவந்தவரின் புத்தகத்தில், அதே ஓநாய்மனிதர் பக்கத்தில், எல்லோரும் கெட்டவர்கள் இல்லை என்று ஒரு பையனோ பெண்ணோ பேனாவால் எழுதியிருப்பது அடங்கிய குரலில் ஒரு மறுப்பு. மாநாட்டு மண்டபங்களில் கிடைக்காத நீதி ஓரத்தில் கிடைக்கிறது.

2017

புதிய பதிப்பில் டம்பிள்டோர் முன்னுரையும் இல்லை, கையெழுத்துகளும் இல்லை. பதிலுக்கு ஸ்கமாண்டரே ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார். படங்களின் கதையோடு அது தோதாகப் பொருந்துகிறது. ஒலிவியா லோமெனெக் கில் வரைந்த ஓவியப் பதிப்பும் அதே வருடம் வந்தது. அழகான வேலைப்பாடு, மறுப்பதற்கில்லை. அடிக்குறிப்புகள் அப்படியே இருப்பதால் சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால் தகராறு போய்விட்டது. பேசிலிஸ்க் நானூறு வருடமாகக் காணப்படவில்லை என்றால், இப்போது அது வெறும் தகவல். ஓநாய்மனிதர் பதிவு எதிர்ப்பேச்சில்லாமல் ஓடுகிறது. 2001இல் சந்தேகத்தோடு படித்த அதே வாக்கியங்களை 2017இல் ஸ்கமாண்டரை நம்பிப் படிக்கிறோம். கற்பனைப் பாடநூலாக இருந்தது, படத்தொடருக்கான துணைநூலாகிவிட்டது.

சேர்த்தது ஆறு வட அமெரிக்க உயிரிகள்: ஹைட்பிஹைண்ட், ஹோடாக், கொம்புப் பாம்பு, ஸ்னாலிகேஸ்டர், தண்டர்பேர்ட், வாம்பஸ் பூனை. ஹோடாக்கில் சிக்கல் இல்லை. 1893இல் விஸ்கான்சினின் ரைன்லாண்டரில் யூஜின் ஷெப்பர்ட் என்பவர் கிளப்பிவிட்ட புரளி அது. அந்த ஊர் இன்றும் அதைத் தன் சின்னமாகக் கொண்டாடுகிறது. தண்டர்பேர்டும் கொம்புப் பாம்பும் அப்படியல்ல. பல பூர்வகுடி அமெரிக்க மக்களுக்கு அவை வழிபாட்டோடும் மூதாதையர் கதைகளோடும் சேர்ந்தவை. ரௌலிங் வட அமெரிக்க மந்திர வரலாறு என்று இணையத்தில் எழுதியவற்றை 2016லேயே பூர்வகுடி வாசகர்கள் கண்டித்திருந்தார்கள். செரோக்கி ஆய்வாளர் ஏட்ரியன் கீன் அவர்களில் ஒருவர். வாழும் மக்களின் நம்பிக்கையைப் பொதுச்சொத்துபோல எடுத்துக் கற்பனைப் பாத்திரமாக்குவது சரியா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஒரு வருடம் கழித்து அதே உயிரிகளை எக்ஸ் தரம் போட்டு, விலங்கு என்ற தலைப்பின்கீழ் அச்சிட்டார்கள்.

மல்டூனின் மாநாட்டைக் கேலி செய்யத் தெரிந்த ஒரு புத்தகம் இதைச் செய்தது ஆச்சரியம்தான். வகைப்படுத்துபவரை மறுத்துப் பேசும் இடம் 2001 பதிப்பின் கட்டமைப்பிலேயே இருந்தது. தண்டர்பேர்ட் பதிவுக்குப் பக்கத்தில் ஹெர்மயனியை ஒரு வரி எழுதவிட்டிருந்தால்கூட அந்தப் பக்கத்தின் தொனி மாறியிருக்கும். ஆனால் தண்டர்பேர்டைச் சேர்த்த அதே பதிப்பில்தான் அவள் கையெழுத்தையும் எடுத்துவிட்டார்கள்.